பென்சில் குதித்த இடம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். மார்ச்ல படுத்தி எடுத்த காய்ச்சல் போயே போச்சு, உடம்பு தேறிடுச்சு. நீ, மாமா, சின்னவ எல்லாரும் சௌக்கியமா? உன் கழுத்து வலி எப்படி இருக்கு? குழாய்ல தண்ணி வரலைன்னு நாள் முழுக்க ஊரே போன்ல உன் காதுல கத்தினா கழுத்து என்ன பண்ணும், பாவம்.

ஒரு காரியம் ஆகணும்க்கா. எனக்கு ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்கி அனுப்பணும். கறுப்பு, லேஸ் கட்டுறது, அசல் தோல். எங்க ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்திருக்காரு. ஆள் வர்றதுக்கு முன்னாடி மீசை வரும், அதனால எங்களுக்கு அவர் மீசைதான். ஹால் சூப்பர்வைசர்னா நடையிலேயே தெரியணும்னு அவருக்கு ஒரு கொள்கை. செப்டம்பர் பத்தாம் தேதி முழு யூனிபார்ம்ல, கையில தட்டோட, விருந்து ஹாலோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அவர் முன்னாடி நடந்து காட்டணும். அவருக்குத் திருப்தின்னா ஹால்லயே இருக்கலாம். இல்லைன்னா கீழ்த்தளத்துல மேஜை விரிப்பு மடிக்கிற வேலை. அங்கே போனவங்க திரும்ப மேல வந்ததா சரித்திரமே இல்ல. எட்டு வருஷமா அந்த ஹால்ல நிக்கிறவன் நான்.

உங்க ஊர்க் கடைத்தெரு முனையில பெரிய கண்ணாடி ஜன்னல் வச்ச ஷூ கடை ஒண்ணு இருக்குமே, அங்கே கிடைக்கும். ரெண்டு பாதத்தையும் தனித்தனித் தாள்ல வச்சு வரைஞ்சு அனுப்பியிருக்கேன். தயவுசெஞ்சு நீயே போ. மாமாவை அனுப்பாதே. அவரு கடைக்காரன்கிட்ட கதை பேசிட்டுக் குடையோட திரும்பி வருவாரு.

சின்னவளுக்கு என் முத்தம்.

உன் தம்பி

ஜூன் 12

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுறேன்.

இங்கே எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி இருக்கோம். கழுத்து வலிக்கு ஒரு பட்டை போட்டு விட்டிருக்காங்க. அதோட திரும்பணும்னா முழு உடம்பும் திரும்பணும், ஆபீஸ்ல எல்லாருக்கும் சிரிப்பு.

உன் தாள் ரெண்டையும் எடுத்துக்கிட்டு சனிக்கிழமை கடைக்குப் போனேன். அடேயப்பா, என்ன கடைடா அது! தரை பளபளன்னு, முகம் பார்க்கலாம். ஆனா என் முகத்தைப் பார்க்கத்தான் ஒருத்தரும் இல்ல. சேல்ஸ்மேன் ஒருத்தர் தூண்ல சாய்ஞ்சு நின்னுக்கிட்டிருந்தாரு. நான் வாயைத் திறந்தேன், அவரும் திறந்தாரு. நான் பேச, அவர் கொட்டாவி விட. அன்னிலேருந்து நம்ம வீட்ல அவர் பேரு கொட்டாவி.

கறுப்புல லேஸ் வச்ச தோல் ஷூ வேணும்னேன். "சார் வரலையா?"ன்னாரு. சார் வேற ஊர்ல இருக்காரு, தாள் வந்திருக்குன்னேன். "கால் வராம ஷூ பார்க்க முடியாதுங்க"ன்னுட்டு, டை கட்டின ஒரு ஆள் உள்ளே வந்ததும் என்னை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு. முக்காலியில நாப்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். கழுத்துப் பட்டை வேற, பக்கத்துல இருந்த பொம்மைக்கும் எனக்கும் வித்தியாசமே இல்ல. கடைசியில ஒரு பெட்டியைக் கொண்டு வந்து மடியில வச்சாரு. திறந்தா ரப்பர் செருப்பு!

நாள் பூரா அடுத்தவங்க புகாரை எழுதுறவடா நான். எனக்குன்னு சொந்தமா ஒரு புகார் இப்பத்தான் கிடைச்சிருக்கு, விடுவேனா? தேதி, நேரம், கொட்டாவி எத்தனைன்னு எல்லாத்தையும் போட்டு அந்தக் கடை மேனேஜருக்குத் தபால்ல அனுப்பிட்டேன்.

இப்போ என் சந்தேகங்களைக் கேளு. உங்க ஊர் இதைவிடப் பெரிய ஊராச்சே, அங்கே ஷூ கடையே இல்லையா? ஒரு கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாக்கூட "உனக்கு டேஸ்ட்டே இல்லக்கா"ன்னு மூஞ்சியைத் தூக்குவே, இப்போ ஷூவையே என்னை எடுக்கச் சொல்றியே, என்ன விஷயம்? அடி ரப்பரா இருந்தா என்ன கெட்டுப் போச்சு? உனக்கு வலது கால் எப்பவும் ஒரு சுத்து பெருசாச்சே, எந்தக் காலுக்குப் பார்த்து வாங்குறது? இடது தாள்ல சுண்டுவிரல் கிட்ட பென்சில் ஒரு குதி குதிச்சிருக்கே, கூசிச்சா? காலைத் தொட்டாலே உருண்டு பொரள்ற ஆளாச்சே நீ. எல்லாத்துக்கும் பதில் வேணும், ஒண்ணு விடாம.

சின்னவ உன் பாதத்துக்குள்ள தன் பாதத்தை வச்சுப் பார்த்துக்கிட்டு, மாமா ராட்சசன்னு சொல்றா.

அக்கா

ஜூன் 23

அக்காவுக்கு,

உன் கடிதம் படிச்சு ரூமே அதிர்ற மாதிரி சிரிச்சேன். கழுத்துப் பட்டையைக் கழட்டிட்டாங்களா? மாமா வேலைக்குப் போறாரா?

ரப்பர் அடி பளிங்குத் தரையில கீச்சு கீச்சுன்னு சத்தம் போடும், விருந்தாளிங்க திரும்பிப் பார்ப்பாங்க. தோல் அடிதான் வேணும். அதுவும் ஒட்டினதா இல்லாம சுத்தித் தைச்சதா இருக்கணும். முன்பக்கம் நல்லா கெட்டியா இருக்கணும். கட்டைவிரலால அழுத்திப் பாரு, உள்ளே அமுங்கக் கூடாது. இதை மட்டும் மறந்துடாதே.

இங்கே ஒரு கடைக்குப் போனேன். சரிப்படலை.

ரெண்டு காலும் இப்போ ஒரே அளவுதான். தாள்ல இருக்கிறபடி வாங்கு.

வேலை நெருக்கடி. பிறகு எழுதுறேன்.

தம்பி

ஜூலை 9

தம்பிக்கு,

பட்டை கழட்டியாச்சு. மாமா வேலைக்குப் போறாரு, சின்னவ பல்லு விழுந்து ஓட்டை வாயோட திரியுறா. நீ எப்படி இருக்கே? நான் அத்தனை கேள்வி கேட்டேன், நீ ரெண்டரைக்குத்தான் பதில் போட்டிருக்கே. அதுலயும் ஒண்ணு இடிக்குது. வளர்ந்த மனுஷனுக்குக் கால் சின்னதாகுமா? எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கோமா?

போகட்டும். முந்தாநாள் ரெண்டாவது படையெடுப்பு. என் புகார் வேலை செஞ்சிருக்கு. நான் நுழைஞ்சதும் கொட்டாவி தூணை விட்டு நிமிர்ந்து நின்னாரு. "கம்ப்ளெயின்ட் எழுதினது நீங்கதானே?"ன்னு கேட்டுட்டு, மேனேஜர் இருக்கிற பக்கம் பார்த்துக்கிட்டே இல்லாத பணிவை வரவழைச்சுக்கிட்டாரு. தாளை வாங்கி கவுன்ட்டர்ல போட்டாரு. நீ சொன்னதை எல்லாம் சொன்னேன். தோல் அடி, சுத்தித் தையல், கெட்டி மூக்கு. அவருக்கே ஆச்சரியம், "விவரமாத்தான் கேக்குறீங்க"ன்னாரு. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு ஷூ கொண்டு வந்தாரு. தம்பி, நிஜமாவே அழகு. தையல் ஒவ்வொண்ணும் அரிசி அளவுக்கு, எண்ணி வச்ச மாதிரி. கட்டைவிரலால அழுத்தினேன், என் விரல்தான் வலிச்சுது.

அது இடது ஷூ. வலது எங்கேன்னேன். "அதுவும் இதே மாதிரிதாங்க இருக்கும்"னாரு. அந்தப் பதிலுக்கே இன்னொரு புகார் எழுதலாம். பார்சல் அவங்களே அனுப்புவாங்களாம். நான் அட்ரஸ் எழுதி முடிக்கிறதுக்குள்ள பெட்டியை மூடி டேப் ஒட்டி, உன் தாளைக்கூடத் திருப்பித் தராம, கடைசியா மனசார ஒரு கொட்டாவி விட்டாரு.

வந்ததும் போட்டுப் பார்த்து எழுது. பிடிச்சிருக்கா, கடிக்குதா, எல்லாம்.

அக்கா

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே? எனக்கு ஒரு குறையும் இல்ல.

ஷூ வந்தது. ரொம்பப் பொருத்தமா இருக்கு. நீ இவ்வளவு யோசிச்சு அனுப்புவேன்னு நான் எதிர்பார்க்கலை. எதுவும் கேக்காம அனுப்பினே பாரு, அதுக்குத்தான் உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. தினமும் சாயங்காலம் ஹால் காலியா இருக்கும்போது போட்டு நடந்து பழகுறேன்.

உன் தம்பி

ஜூலை 29

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கடையின் இருப்புச் சரிபார்ப்பின்போது, தாங்கள் வாங்கிய அதே ரகத்தில், அதே அளவில், இரண்டு வலது ஷூக்கள் மட்டும் ஒரே பெட்டியில் மீதமிருப்பது தெரியவந்துள்ளது. இதிலிருந்து தங்களுக்கு அனுப்பப்பட்ட பெட்டியில் இரண்டு இடது ஷூக்கள் இருந்திருக்கக்கூடும் என்று கருதுகிறோம். தங்களிடமிருந்து இது குறித்து இதுவரை புகார் ஏதும் வராதது எங்களுக்கு வியப்பளிக்கிறது. தவறாக வந்த ஷூவைத் திருப்பி அனுப்பி மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற எங்கள் விதி இந்த ஒரு முறை தளர்த்தப்படுகிறது.

தங்கள் நலம் நாடும்,
மேலாளர்

ஆகஸ்ட் 1

டேய் தம்பி,

நலமெல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். கடைக்காரங்க லெட்டரை இதோட வச்சிருக்கேன், முதல்ல அதைப் படி.

படிச்சியா? ரெண்டு இடது ஷூ! நானும் மாமாவும் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாங்க. மாமா ஒரு காலை ஒரு பக்கமாவே வச்சு வச்சு வீடு முழுக்க நடந்து காட்டினாரு. நீ அங்கே ரெண்டு இடது காலோட டான்ஸ் ஆடிக்கிட்டிருக்கியாக்கும்?

சிரிச்சு முடிச்சு உட்கார்ந்தப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது. நீ "ரொம்பப் பொருத்தம்"னு எழுதியிருக்கே. தினமும் போட்டு நடக்கிறதா வேற எழுதியிருக்கே. ரெண்டு இடது ஷூ எப்படிடா பொருத்தமா இருக்கும்? அப்புறம், "எதுவும் கேக்காம அனுப்பினே"ன்னு எழுதியிருக்கே. நானா கேக்கலை? என் வாழ்க்கையில யாரையும் இத்தனை கேள்வி கேட்டதில்ல!

ஒருவேளை பெட்டியையே பிரிக்கலையா? எனக்காகப் பொய் சொன்னியா? திட்ட மாட்டேன், சொல்லு. இந்தப் புதிர் தெரியாம எனக்குச் சாப்பாடு இறங்காது.

அக்கா

ஆகஸ்ட் 16

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதும்படி மேலாளர் உத்தரவு. எனவே மன்னிக்கவும். தங்கள் புகாரில் 'கொட்டாவி விட்டவர்' என்று ஆறு இடத்தில் வருபவன் நான்தான். எங்களுக்கு உட்கார நாற்காலி கிடையாது, காலை ஒன்பது மணி முதல் நிற்கிறோம். இதைக் காரணமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். ரப்பர் செருப்புக்கும் மன்னிக்கவும்.

மேலாளர் சொல்லாத ஒன்றையும் எழுதுகிறேன். தாங்கள் கொடுத்த தாள்கள் இரண்டும் என்னிடமே தங்கிவிட்டன. எந்தக் கால் ஷூ தவறிப்போனது என்று பார்க்க அவற்றை எடுத்தேன். நான் ஏழு வருடமாகக் கால்களைப் பார்க்கிறேன். முகம் நினைவிருக்காது, கால் நினைவிருக்கும். ஒரே மனிதரின் இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்து நான் பார்த்ததில்லை. இந்த இரண்டும் அப்படியே இருந்தன. ஒன்றின் முதுகில் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு மயிரிழை விலகவில்லை. இடது சுண்டுவிரல் அருகே பென்சில் குதித்திருக்கிறது அல்லவா? வலது தாளிலும் அதே இடத்தில் அதே அளவு குதித்திருக்கிறது.

ஒரே காலை வரைந்து, அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, மேலே இன்னொரு தாள் வைத்து நகல் எடுத்திருக்கிறார். நான் இரண்டு இடது ஷூ அனுப்பினேன். அவர் இரண்டு இடது கால் அனுப்பியிருக்கிறார்.

கேட்பது தவறென்றால் மன்னிக்கவும். தங்கள் தம்பியின் வலது காலுக்கு என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
விற்பனையாளர்

ஆகஸ்ட் 18

கண்ணு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடலை. போட வேண்டாம்.

அந்தச் சேல்ஸ்மேன் எழுதினதை இதோட வச்சிருக்கேன். அதைப் படிச்சதும் மார்ச், ஏப்ரல்ல நீ போட்ட கடிதங்களைத் தேடி எடுத்தேன். எழுத்தெல்லாம் ஒரே பக்கமா சரிஞ்சு கிடக்கு. படுத்துக்கிட்டே எழுதியிருக்கே. காய்ச்சல்னு நீ சொன்னதை நம்பி நான் கஷாயம் வைக்கிற பக்குவம் எழுதி அனுப்பியிருக்கேன் பாரு, மடச்சி.

நான் கேள்வி எதுவும் கேக்கலை. ஒரு வெள்ளைத் தாள் வச்சிருக்கேன். உன் வலது காலை இதுல வை. இருக்கிறது இருக்கிறபடி வரைஞ்சு அனுப்பு. அது போதும்.

அக்கா

ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கேன்னு எழுதித்தான் எப்பவும் ஆரம்பிப்போம். இந்தத் தடவை நிஜத்தைச் சொல்றேன்.

நீ கேட்ட தாள் இதுல இருக்கு. பார்த்துட்டுப் பயப்படாதே. கட்டைவிரலும் அடுத்த ரெண்டு விரலும் இல்ல. மார்ச்ல, சமையலறைச் சாமான் ஏத்துற லிப்ட்ல, தட்டு அடுக்கின வண்டி சரிஞ்சு காலுக்கு மேல வந்துடுச்சு. எடுத்துட்டாங்க. புண்ணு ஆறிடுச்சு, நடக்கிறேன். மிச்சம் இருக்கிற ரெண்டு விரல்லயும் உணர்ச்சி இல்ல. வந்தாலும் வரும், வராமலும் போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனாலதான் இந்தக் கோடு இவ்வளவு நேரா இருக்கு. பென்சில் எங்கே போகுதுன்னே எனக்குத் தெரியலை.

ஏன் சொல்லலைன்னு கேக்க மாட்டேன்னு சொல்லியிருக்கே. ஆனாலும் சொல்றேன். எனக்கு ஏழு வயசுல, உன் காவல்ல இருக்கும்போது படியில விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டேன். எனக்கு ஒரு பல்லுதான் போச்சு. நீ ரெண்டு நாள் சாப்பிடலை. மூணு விரலுக்கு எத்தனை நாள் பட்டினி கிடப்பேன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

செப்டம்பர் பத்தாம் தேதி நடை எல்லாருக்கும் இல்ல. எனக்கு மட்டும்தான். நொண்டுறவன் ஹால்ல நிக்கிறது அழகில்லன்னு பேச்சு வந்திருக்கு.

இங்கே ஷூ கடைக்குப் போனது ஜூன் முதல் நாள். முக்காலியில உட்கார வச்சு, சாக்ஸைக் கழட்டுங்க சார்னான். கழட்டினேன். அவன் இன்னொருத்தனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் மூணாவது ஆளைக் கூப்பிட்டான். வாங்க வந்தவங்களும் எட்டிப் பார்த்தாங்க. ஒருத்தன், "ஒத்தக் காலுக்கெல்லாம் ஷூ விக்கிறதில்ல சார்"னான். சாக்ஸைக் கையில பிடிச்சுக்கிட்டே வெளியே வந்துட்டேன். அதுக்கப்புறம் இன்னொரு கடையில போய் சாக்ஸைக் கழட்ட என்னால முடியாதுக்கா. அதனாலதான் உன்கிட்ட ரெண்டு பொய்த் தாள் அனுப்பினேன். வலது ஷூ மூக்குல துணி அடைச்சுக்கலாம்னு திட்டம். அது அமுங்காம நிக்கணும்னுதான் கெட்டியா கேட்டேன்.

பார்சலைப் பிரிச்சா ரெண்டும் இடது. திகைச்சுப் போயிட்டேன். சும்மா ஒண்ணை வலது கால்ல நுழைச்சுப் பார்த்தேன். போச்சு! எனக்கு விரல் இல்லாத பக்கம் அது சரிஞ்சு குறுகுது. விரல் இருக்கிற பக்கம் இடம் விட்டு நீளுது. மார்ச்சுக்கு அப்புறம் என் காலைப் பிடிச்சு நின்ன முதல் ஷூ அதுதான். உனக்கு எப்படியோ தெரிஞ்சுடுச்சு, தெரிஞ்சும் வாய்விட்டுக் கேக்காம இப்படி அனுப்பியிருக்கேன்னு நினைச்சேன். அன்னிக்குத்தான் அழுதேன். கடைக்காரன் தப்பா கட்டினதுன்னு உன் லெட்டர் வந்ததும் எனக்கே வெட்கமாப் போச்சு. அதான் அதுக்குப் பதில் போடலை.

ஆனா அதோட மீசை முன்னாடி போக முடியாது. பார்க்கிறவங்களுக்கு ரெண்டு மூக்கும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது தெரியும். பத்தடிக்கு மேல நடந்தா உள்ளங்கால் வேற நோவுது.

நீ சாப்பிடு.

தம்பி

செப்டம்பர் 3

என் ராசாவுக்கு,

சாப்பிட்டேன். மாமா பக்கத்துல உட்கார்ந்து ஊட்டாத குறை. அழுதேன், அதையும் ஒளிக்கலை. ரெண்டு இடது காலோட டான்ஸ் ஆடுறியான்னு எழுதினேனே, அந்தக் கையை என்ன பண்ணலாம் சொல்லு. உன்மேல கோபமும் இருக்கு, ஒரு மூட்டை. நேர்ல வந்து இறக்கி வைக்கிறேன்.

இப்போ காரியம். உன் தாளை எடுத்துக்கிட்டு அன்னிக்கே கடைக்குப் போனேன். கொட்டாவி கவுன்ட்டர்ல தாளை விரிச்சு, ரெண்டு ஓரத்தையும் கையால நீவி விட்டாரு. அப்புறம் அந்த வலது ஷூ ஒண்ணை எடுத்து வந்து, தாள் மேல வச்சு, சுத்தி வேற கலர்ல ஒரு கோடு போட்டாரு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிற இடத்தைக் காட்டி, "இவ்வளவுதாம்மா. இவ்வளவு இடத்தை நாம நிரப்பிட்டா போதும்"னாரு.

தம்பி, அஞ்சு மாசமா நீ சுமந்துக்கிட்டுத் திரிஞ்சது அந்தத் தாள்ல ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் இருந்தது. அது பெருசில்லன்னு சொல்லலை. நிரப்பலாம்னு சொல்றேன்.

மேல் மாடியில அவங்களுக்கு ரிப்பேர் பார்க்கிற இடம் இருக்காம். கார்க்கை அந்த வடிவத்துக்குச் சீவி, மேல மெத்துன்னு தோல் சுத்தி, ஷூக்குள்ளயே நிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க. முதல் தடவை வந்ததைக் கொட்டாவியே வேண்டாம்னுட்டாரு, ஓரம் குத்தும்னு. ரெண்டாவதும் திருப்பி அனுப்பினாரு. மூணாவதைத் தன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துட்டுத்தான் என்கிட்ட கொடுத்தாரு. மேனேஜர் வந்து, "ஒத்த ஷூவை எப்படிய்யா பில் போடுறது?"ன்னு கேட்டாரு. "போடாதீங்க சார், ரெண்டு இடது அனுப்பினது நான்தானே"ன்னு சொல்லிட்டு, பழக்க தோஷம், மேனேஜர் மூஞ்சிக்கு நேரா ஒரு கொட்டாவி விட்டாரு. எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது.

ஒரே ஒரு வலது ஷூ பார்சல்ல வருது. முதல்ல சாக்ஸ் ரெண்டு போட்டு நடந்து பாரு, அப்புறம் ஒண்ணு. மிச்சம் இருக்கிற இடதைத் திருப்பி அனுப்பணுமாம், அவங்க கிட்ட அதோட ஜோடி தனியா நிக்குது.

பத்தாம் தேதி நான் அங்கே வரலை. வந்தா நீ என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நடப்பே. தடுக்கிடும். மறுவாரம் வர்றேன், கோப மூட்டையோட.

அக்கா

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மாமாவுக்கும் ஓட்டை வாய்ச் சின்னவளுக்கும் என் அன்பு. கழுத்து வலிக்காம பார்த்துக்கோ, மூட்டையை வேற தூக்கிட்டு வரணுமே.

நடந்தேன். கையில தட்டு, தட்டுல ஆறு கண்ணாடி டம்ளர், நிறைய தண்ணி. எழுபத்திரெண்டு அடி. நாப்பதாவது அடி வரைக்கும் ஒண்ணும் தெரியலை. அதுக்கப்புறம் உள்ளே தீயா எரிஞ்சுது. டம்ளரையே பார்த்துக்கிட்டு நடந்தேன். தோல் அடிக்கு அந்தத் தரையில ஒரு சத்தம் உண்டு, டக் டக்னு. ரெண்டு காலும் ஒரே மாதிரி சத்தம் போட்டுதுக்கா. அதைக் கேட்டுக்கிட்டே அந்தக் கோடிக்குப் போயிட்டேன்.

மீசை என் முகத்தைப் பார்க்கவே இல்ல. குனிஞ்சு ஷூவையே பார்த்துக்கிட்டிருந்தாரு. கையில ஆஸ்பத்திரி ஃபைல். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "எந்தக் கால்யா அது?"ன்னாரு.

நான் சொல்லலை. ஃபைல்ல இருக்கு சார்னேன். பக்கத்தைப் புரட்டப் போனவர் அப்படியே மூடிட்டு, "திங்கக்கிழமை பெரிய விருந்து இருக்கு, ஹாலைப் பார்த்துக்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

நேத்து அந்தக் கடைக்குப் போனேன், இந்த ஊர்க் கடைக்கு. பாலிஷும் சாக்ஸும் வாங்கணும். அதே முக்காலியில உட்கார்ந்தேன். யாரும் கேக்காம நானே ஷூவைக் கழட்டினேன், சாக்ஸையும் கழட்டினேன். எந்தக் காலுக்கு சாக்ஸ் பார்க்கிறேன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? அதே மூணு பேர் வந்தாங்க. பார்த்தாங்க. நானும் அவங்களைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துல ஒருத்தன் போய் சாக்ஸ் எடுத்துட்டு வந்தான். தப்பான அளவு. அந்தக் கடை திருந்தலை, நீ வரும்போது ஒரு புகார் எழுதிக் கொடுத்துட்டுப் போ. ஆனா நான் அரை மணி நேரம் வெறுங்காலோட நிம்மதியா உட்கார்ந்திருந்தேன்.

மிச்ச இடது ஷூவைப் பார்சல்ல அனுப்பிட்டேன். உள்ளே உன் சேல்ஸ்மேனுக்கு ஒரு கடிதம் வச்சிருக்கேன். அதுல என்ன எழுதினேன்னு கேக்காதே.

இதோட ரெண்டு தாள் இருக்கு. இன்னிக்குக் காலையில வரைஞ்சது, ரெண்டு காலையும் தனித்தனியா. ஜன்னல்ல பிடிச்சுப் பார்க்க வேண்டியதில்ல, நகல் இல்ல. வலது தாள்ல சுண்டுவிரல் கிட்ட பாரு, பென்சில் குதிச்சிருக்கும்.

கூசிச்சுக்கா.

உன் தம்பி